கருணை வேலை

எங்கள் மஸ்டர் ரூமில் யாரும் யாரையும் பார்த்து, ‘நீ எப்ப வேலைக்குச் சேந்தே’ என்று சாதாரணமாகக் கேட்டுவிட முடியாது. கேட்டால் பதிலோடு ஒரு சாவும் சேர்ந்து வரும். ‘எங்கப்பா செத்து நாலு வருசம் கழிச்சு’ என்பார் ஒருவர். ‘வீட்டுக்காரர் போன மறுவருசம்’ என்பார் இன்னொருவர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நகராட்சியில் நான் துப்புரவுத் தொழிலாளி. 2020இல் அரசாங்கம் எங்களுக்குத் தூய்மைப் பணியாளர் என்று பேர் மாற்றியது. பேர்தான் மாறியது, சீமாறு மாறவில்லை. எங்கள் டிவிசனில் நிரந்தர வேலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் வாரிசு வேலையில் வந்தவர்கள். அதாவது வீட்டில் ஒருவர் இதே வேலையில் இருந்து செத்ததால் வந்தவர்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

அரசாங்கக் காகிதத்தில் இதற்குப் பேர் ‘கருணை அடிப்படையில் பணி நியமனம்’. 1972இல் வந்த அரசாணையிலிருந்து நடக்கிற ஏற்பாடு. சம்பாதிக்கிறவர் பணியில் இருக்கும்போதே செத்துப்போனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பது நோக்கம். வாத்தியார் செத்தால் அவர் மகனுக்கு, கிளார்க் செத்தால் அவர் சம்சாரத்துக்கு. நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மற்ற ஆபீசுகளில் அப்படி வந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். எங்கள் இடத்தில் மட்டும் ஏன் இத்தனை பேர்? இந்தக் கேள்வி எனக்குத் தானாக வரவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் அவரவர் வீட்டுச் சாவைப் பேசப் பேச, கேட்டுக் கேட்டு வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் வருசநாட்டுப் பக்கம். தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக பஸ் போகும். மூல வைகையும் கூடவே வரும். வருசத்தில் பாதி நாள் வெறும் மணலாகத்தான் வரும். நாங்கள் சக்கிலியர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். தாத்தா கமலைக்குத் தோல் தைத்தவர். கரண்டு வந்து, கிணத்துக்குக் கிணறு பம்புசெட்டு வந்ததும் கமலை போச்சு, அதோடு தாத்தாவின் கைத்தொழிலும் போச்சு. மிச்சம் இருந்தது செத்த மாட்டைத் தூக்குவதும் கேதம் சொல்லுவதும்தான்.

கேதம் சொல்லுவது இன்றைக்கு உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மேல்சாதி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அவர்களுடைய உறவுக்காரர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் நாங்கள் நடந்துபோய்ச் சேதி சொல்ல வேண்டும். நடுராத்திரி ஆனாலும் போக வேண்டும், மழை பெய்தாலும் போக வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, ஊற்றுகிற கஞ்சியைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்பா சின்ன வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு கண்டமனூர் வரைக்கும் அப்படி நடந்திருக்கிறார். தூக்கம் தாங்காமல் நடந்துகொண்டே தூங்கினேன் என்று சொல்லுவார். ‘அடுத்தவன் சாவுக்கு ஓடுறதவிட அடுத்தவன் அழுக்க அள்ளுறது மேலு, அதுக்கு மாசம் பொறந்தாச் சம்பளம்’ என்று சொல்லித்தான் 1981இல் டவுனுக்குப் போனார். முதலில் தினக்கூலி, ஐந்தாறு வருசம் கழித்து நிரந்தரம். அம்மா ஊரிலேயே இருந்து இலவங்காய் உடைக்கிற வேலைக்குப் போனார். அப்பா லீவு கிடைக்கிறபோது வருவார். வந்தால் முதலில் ஆற்று ஊற்றுக்குப் போய் மணலைப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். ‘மேலு நாறுது பாப்பா, கிட்ட வராத’ என்பார்.

1999 ஐப்பசி அடைமழையில் சாக்கடை அடைத்துக்கொண்டது. வெறுங்காலோடு இறங்கி மண் அள்ளியபோது பாட்டில் கண்ணாடி பாதத்தில் ஏறியது. துணியைக் கட்டிக்கொண்டு அப்புறம் மூன்று நாள் அதே சாக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். நாலாம் நாள் காய்ச்சல். கால் வீங்கி, சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினோராம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்து நாலு.

ஊருக்கெல்லாம் கேதம் சொன்ன வம்சத்தில் அப்பாவின் கேதத்தைச் சொன்னது அவரோடு சீமாறு பிடித்தவர்கள்தான். எஸ்.டி.டி. பூத்தில் வரிசையாக நின்று, தெரிந்த டீக்கடை நம்பர், ரேசன்கடை நம்பர் என்று போட்டுச் சொன்னார்கள். மறுநாள் முதல் ரவுண்டு வேலையை முடித்துவிட்டு, காக்கிச் சட்டையோடேயே பத்துப் பதினைந்து பேர் வருசநாட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எங்கள் தெரு ஆண்கள் பாதிப் பேர் மலையாளத்துக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். குழி வெட்ட ஆள் இல்லை என்று தெரிந்தே, சாக்கில் மம்பட்டியைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். நகராட்சி நம்பர் போட்ட மம்பட்டி. அன்றைக்கு அவர்கள் முகம் ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. மம்பட்டிக் காம்பில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த நம்பர் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்தொன்பது. பிளஸ் டூ பாஸ். எங்கள் தெருவில் அதுவரைக்கும் படித்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். தம்பிக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. அதனால் என் பேரில் மனுப் போட்டார்கள். மூன்று வருசத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது விதி. வாரிசு சர்டிபிகேட், குடும்பம் வறுமையில் இருக்கிறது என்று ஒரு சர்டிபிகேட், வீட்டில் வேறு யாரும் அரசு வேலையில் இல்லை என்று ஒன்று, அம்மா மறுகல்யாணம் பண்ணவில்லை என்று ஒன்று. அப்பா செத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தொகை. வறுமையில் இருக்கிறோம் என்று எழுதி வாங்கக் கடன் வாங்கினோம்.

எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அப்போதிருந்த விதிப்படி கல்யாணம் ஆன மகளுக்கு இந்த வேலை கிடையாது. ஆர்டர் கைக்கு வரும்வரை நான் கல்யாணம் பண்ணக் கூடாது. ஒரு வருசம், ரெண்டு வருசம் என்று நினைத்திருந்தோம். 2001 கடைசியில் காலியிடங்களை நிரப்பக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. அது 2006இல்தான் நீங்கியது. அதுவரை அம்மாவோடு இலவங்காய் உடைத்தேன். மரத்திலிருந்து உதிர்த்து வந்த காய் மலைபோல் குவிந்து கிடக்கும். ஓட்டை உடைத்துப் பஞ்சை எடுத்து, கொட்டையைப் பிரித்துப் போட வேண்டும். பஞ்சுத்தூள் மூக்கு, வாய், கண் என்று பாக்கி வைக்காது. முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவோம். சாயங்காலம் இருமினால் பஞ்சாக வரும். பொண்ணு கேட்டு வந்தவர்களை அம்மா ‘வேல வரட்டும்’ என்று திருப்பி அனுப்பினார். ‘அப்பன் செத்த காசத் திங்கக் காத்துக் கெடக்கா’ என்று தெருவிலேயே பேச்சு வந்தது. அந்தப் பேச்சு எனக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி படுத்தால், வேலை சீக்கிரம் வர வேண்டும் என்று நினைக்கிறோமே, அப்பா செத்ததை வைத்துத்தானே நினைக்கிறோம் என்று ஓடும்.

2006இல் கூப்பிட்டார்கள். எனக்கு வயது இருபத்தாறு. படிப்புக்குத் தக்க வேலை கொடுக்க அந்த ஏற்பாட்டில் இடம் உண்டு. கேட்டேன். ‘பிளஸ் டூ படிச்சிருக்கேன் சார், ஆபீஸ் வேல...’ என்றேன். அந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘அந்த லிஸ்டுல சேந்தா இன்னும் பத்து வருசம் ஆகும். ஒங்கப்பா பாத்த வேலன்னா இன்னைக்கே ஆர்டர்.’ அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டேன். கிளார்க் மகன் கிளார்க் ஆனால் அது கருணை. சக்கிலிச்சிக்கு அப்பன் பிடித்த சீமாறையே கையில் கொடுத்து அதற்கும் அதே பேர் வைத்திருக்கிறார்கள். குலத்தொழில் என்று மனுநூல்காரன் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். அரசாணையில் வந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுத்து ஆர்டரைக் கும்பிட்டு வாங்குகிறோம்.

முதல் ஆறு மாசம் நான் யாரோடும் பேசவில்லை. காலை ஐந்தரைக்கு மஸ்டரில் கையெழுத்து, தெருக் கூட்டுவது, குப்பையைத் தள்ளுவண்டியில் அள்ளுவது, ஒன்பது மணிக்கு டீ. எல்லோரும் ஒரு கட்டடத்துப் படியில் உட்காருவார்கள். நான் தள்ளி உட்காருவேன். என் வீட்டுச் சாவு எனக்கு மட்டும் விழுந்த சாவு என்றுதான் அப்போது இருந்தேன். ஒருநாள் கம்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த அக்கா ஒருவர் டீ கிளாசோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘ஒங்கப்பாவுக்குக் குழி வெட்டுனது எங்க ஆளுக. நீ என்னத்துக்கு எங்களப் பாத்து மொறைக்கிற?’ என்று சிரித்தார். அப்புறம் நான் கேட்காமலே அவர் கதையைச் சொன்னார்.

அவர் புருசனும் நிரந்தரத் தொழிலாளி. 1996இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், தனியார் வீட்டு செப்டிக் டேங்கை எடுக்கக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டுத்தான் இறங்கினார். இறங்கினவர் ஏறவில்லை. வீட்டுக்காரர் ஆளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குடித்துவிட்டு விழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். கேஸ் பதிவாகவில்லை. நிரந்தர ஆள் என்பதால் வாரிசு வேலை அக்காவுக்குக் கிடைத்தது. அதோடு ஊர் வாயை மூடிக்கொண்டது. ‘வேலதான் குடுத்துட்டாகள்ல, இன்னும் என்ன’ என்று அவருடைய அண்ணன்மாரே சொன்னார்களாம்.

2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், 1993லிருந்து சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்கள் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் நடத்திய வழக்கு. 2023 அக்டோபரில் அதே கோர்ட் அந்தத் தொகையை 30 லட்சமாக ஆக்கியது. 2014 தீர்ப்பைப் பேப்பரில் பார்த்து நான்தான் அக்காவுக்கு மனு எழுதினேன். எழுதுகிற ஆள் நான் என்று அதற்குள் எல்லோருக்கும் ஆகிவிட்டது. பிளஸ் டூவுக்கு அந்த ஒரு உபயோகம். நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. எஃப்.ஐ.ஆர். இல்லை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லை, டேங்கில் செத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அக்கா அந்தக் காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: ‘மனுசன் செத்தது தொட்டியில. காயிதத்துல செத்தது எங்கயோ.’

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வருசமாக அது இருக்கிறது, மனுவுக்கு மனு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வரியில் கண் நின்றது. ‘செப்டிசீமியா.’ ரத்தத்தில் கிருமி பரவியதாம். கண்ணாடி இல்லை, சாக்கடை இல்லை, பூட்ஸ் கொடுக்காதது இல்லை. காகிதத்தின்படி எங்கப்பா வருசநாட்டில் கட்டிலில் படுத்திருந்திருந்தாலும் அப்படியே செத்திருப்பார்.

அதற்கப்புறம் நான் கேட்க ஆரம்பித்தேன். படியில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: வீட்டில் யார் செத்தாங்க, என்ன வயசு, என்னன்னு எழுதிக் குடுத்தாங்க, அதுக்கு முந்தின மாசம் என்ன வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க? டி.பி., மஞ்சக்காமாலை, நெஞ்சுவலி, குடல் வெந்துபோச்சு. குடித்துச் செத்தவர்கள் நிறைய. குடியை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் மலத்தொட்டிக்குள் இறங்குகிறவன் குடிக்காமல் இறங்க முடியுமா என்று, இறங்காதவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். ஒரு சாவைத் தனியாக எடுத்தால் அது நோய், விதி, குடி. ஒரே படியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சாவையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. அறுபது வயதைத் தொட்டவர் பேர் ஒன்றுகூட அந்தச் சாவுகளில் வரவில்லை.

அடுத்தவர் துக்கத்தைப் பார்த்தால் நம்ம துக்கம் சின்னதாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. அப்பாவை நினைத்தால் இப்பவும் அந்த ஆற்று மணல்தான் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் ‘அப்பன் செத்த காசு’ என்று தெருவில் சொன்ன சொல்லை என்னிடமிருந்து எடுத்துப் போட்டவர் ஒருவர் உண்டு. மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வண்டி தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய அப்பா 1974இல் செத்தார், வேலை அம்மாவுக்கு வந்தது. அம்மா 1983இல் செத்தார், வேலை இவருக்கு வந்தது. ‘மூணு ஆளு, ஒரே போஸ்ட்டு’ என்பார். ஒருநாள் பேச்சுவாக்கில் நான் கருணை வேலை என்று சொன்னதும் கோபம் வந்துவிட்டது. ‘எவன் கருண? ஒங்கப்பன் அறுவது வயசு வரைக்கும் சம்பாதிக்கவேண்டிய ஆளு. நாப்பத்து நாலுல போனான். மிச்சம் பதினாறு வருசச் சம்பளம் ஒங்க வீட்டுக்கு வரவேண்டிய பாக்கி. அதையும் சும்மா குடுக்கல, ஒன்னைய வேல வாங்கிக்கிட்டுக் குடுக்குறான். கடன்காரன் கடனக் குடுத்தா அது தர்மமா?’ இதை எந்தச் சங்கக் கூட்டத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

மாமாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த வேலையில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. ரிட்டயர் ஆகிவிட்டால் பிள்ளைக்கு வேலை கிடையாது. சர்வீசில் இருக்கும்போதே செத்தால்தான் உண்டு. அதனால் ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றிரண்டு வருசம் இருக்கிற ஆட்களைப் பார்த்து, ‘என்ன மாமா, மகனுக்கு ஒரு வழி பண்ணப் போறியா இல்லையா’ என்று கேலி பேசுவார்கள். கேட்கிறவரும் சிரிப்பார், சொல்கிறவரும் சிரிப்பார். மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டிலேயே பெண்டாட்டி பிள்ளைகள் வாயில் அந்தப் பேச்சு வந்து, மனம் உடைந்துபோன ஆட்களை எனக்குத் தெரியும். மாமா மட்டும் அந்தக் கேலிக்குச் சிரிக்கமாட்டார். குடியை விட்டார். பூட்ஸ் இல்லாமல் சாக்கடையில் கால் வைக்கமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டார், மெமோ வாங்கினார். மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். 2019இல் அறுபது முடிந்து ரிட்டயர் ஆனார். ஆபீசில் சால்வை போட்டார்கள். மாமா அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து, எல்லோருக்கும் கறிச்சோறு போட்டார். ‘எங்க வம்சத்துல சாகாம இந்த வேலைய விட்டு வெளிய வந்தவன் நாந்தான்’ என்று சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு அக்கா அழுததைப் பார்த்தேன். புருசன் கதையைச் சொன்னபோதுகூட அவர் அழவில்லை.

மறுவருசம் கொரோனா. அந்த ஆகஸ்டில்தான் எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி நடந்தது. மூணாறு ராஜமலையில், நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த தேயிலைத் தோட்ட லயங்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். கரண்டு இல்லை, போன் இல்லை. விடிந்தபிறகுதான் வெளியே தெரிந்தது. கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போன தமிழ் ஆட்கள், பெரும்பாலும் தலித்துகள். மறுநாள் ராத்திரி கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் செத்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, மண்ணில் செத்தவர்களுக்கு 5 லட்சம். படிக்கட்டில் எங்களுக்கு அந்த வாரம் முழுவதும் இதே பேச்சுதான். ‘பறந்து செத்தாப் பத்து, பொதஞ்சு செத்தா அஞ்சு’ என்றார் அக்கா. எனக்கு வேறொன்று உறைத்தது. லயத்து வீடு வேலையோடு ஒட்டினது. வேலையை விட்டால் வீடும் போகும். அதனால் அப்பா அம்மாவுக்கு அப்புறம் பிள்ளை ஒன்று கொழுந்து பறிக்க இறங்கியாக வேண்டும். எங்களுக்குச் சீமாறு இறங்குகிற மாதிரி அவர்களுக்குக் கூடை இறங்குகிறது. அங்கே வேலைக்கூட்டாளியும் சொந்தக்காரனும் பக்கத்து வீட்டுக்காரனும் ஒரே ஆள். தப்பிப் பிழைத்தவர்களுக்கு, எங்களுக்கு இருந்த மாதிரி, உட்கார்ந்து சொல்ல ஒரு படிக்கட்டுகூட மிஞ்சவில்லை. படியில் உட்காரவேண்டியவர்களைத்தான் ராஜமலையில் வரிசையாகப் புதைத்தார்கள்.

எங்கள் இடத்திலும் அதற்குள் பாதிக்கு மேல் காண்டிராக்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். நிரந்தர ஆள் ரிட்டயர் ஆனாலோ செத்தாலோ அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. மாநகராட்சிகளில் இந்த வேலைகளை வெளி ஏஜென்சிக்கு விடுவதற்கு 2022இல் 152ஆம் எண் அரசாணையே வந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்த தொழிலாளர்கள் கேட்டதும், எங்களைக் கம்பெனியிடம் தள்ளாதே என்றுதான். பதின்மூன்று நாள் கழித்து ராத்திரியில் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மாமா திட்டிய அந்தக் கருணையும் இனி யாருக்கும் இல்லை.

காண்டிராக்டில் எங்களோடு ஒரு தாயும் மகளும் வேலை பார்த்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். 2021 மே மாசம், ரெண்டாவது அலையில், தாய் கொரோனாவில் செத்தார். எங்கே பிடித்தது என்று சொல்லவேண்டியதில்லை, தனிமைப்படுத்தின வீடுகளில் குப்பை எடுத்தவர் அவர். உடலை பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். மகள் தூரத்தில் நின்று பார்த்தாள். நாலாம் நாள் அவள் மஸ்டருக்கு வந்துவிட்டாள். வராத நாளுக்குக் கூலி கிடையாது, தொடர்ந்து வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எங்கப்பா செத்தபோது எனக்கு அழுவதற்கு ஆறு வருசம் கிடைத்தது. இலவங்காய் உடைத்துக்கொண்டே அழுதேன். அவளுக்கு மூன்று நாள். தாயின் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று மாசாமாசம் பிடித்திருந்தார்கள். நானும் அக்காவும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம். தாயின் பேரே பதிவில் இல்லை. கம்பெனிக்காரரைக் கேட்டால், அது பழைய காண்டிராக்ட் என்றார்.

அடுத்த வருசம் அம்மா போனார். மூச்சுத்திணறல் என்று எழுதிக் கொடுத்தார்கள். முப்பது வருசப் பஞ்சுத்தூளை யார் எழுதுவார்கள்? எனக்கு லீவு இருந்தது. சம்பளத்தோடு வருசநாட்டில் இருந்து பதினாறாம் நாள் வரைக்கும் பார்த்தேன். எங்கள் ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள், மாமாவும் வந்தார். அந்தப் பிள்ளையும் வந்திருந்தாள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு. ‘நீ என்னத்துக்குத்தா வந்தே, கூலி போகும்ல’ என்றேன். ‘எங்கம்மாவுக்குத்தான் யாரும் வர முடியலக்கா’ என்றாள்.

இப்போது என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. படிக்கட்டில் கேட்டதையெல்லாம் அதில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். செத்தவர், வயது, காகிதத்தில் உள்ள காரணம், அப்போது பார்த்த வேலை, வாரிசு வேலை யாருக்கு. யாராவது கேட்டு வந்தால் காட்டுவேன். சங்கத்துத் தோழர் ஒருவர் ஜெராக்ஸ் எடுத்துப் போயிருக்கிறார், ஒரு வக்கீலிடம் காட்டுவதாக. அம்மாவின் பேரையும் எழுதினேன். நகராட்சி இல்லையே என்று அக்கா கேட்டார். வேலைதானே, இருக்கட்டும் என்றேன். அந்தப் பிள்ளையின் தாய்க்கு எழுதும்போது கடைசிக் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் கோடு இழுக்கப் போனேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

‘கோடு போடாதக்கா. மூணு நாக் கூலி பிடிச்சாங்கள்ல, அத எழுது’ என்றாள். எழுதினேன்.